போர்டு ஓட்டையும் கேபினெட் ஓட்டையும் சேராவிட்டால்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு ஒன்று வாங்கியாயிற்று. வீட்டில் பழைய கேபினெட் கிடக்கிறது. ‘பெட்டிக்கு எதுக்குத் தனியா துட்டு’ என்று அதையே துடைத்து எடுத்துப் போர்டை உள்ளே இறக்கினால், ஆறு ஓட்டைக்கு அடியில் பித்தளைக் கால் தெரிகிறது. மூன்று ஓட்டைக்கு அடியில் வெறும் தகரம். போதாக்குறைக்கு, ஓட்டையே இல்லாத இடத்தில் ஒரு கால் முட்டிக்கொண்டு நிற்கிறது. தெரிவதை மட்டும் முறுக்கிவிட்டு மூடியைப் போடுபவர்கள் உண்டு. மறுநாள் ‘டிஸ்பிளே வரல அண்ணாச்சி’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் அவர்கள்தான்.

அந்தப் பித்தளைக் காலுக்கு ஸ்டாண்டாஃப் என்று பெயர். கடைகளில் ஸ்பேசர், ஸ்டட் என்றும் கேட்கலாம். மதர்போர்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் அதன் வேலை புரியும். மேலே ரேமும் கார்டும் சொருகும் ஒவ்வொரு ஸ்லாட்டின் கம்பியும் முதுகுப் பக்கம் வெளியே வந்து ஈயப்பற்றோடு முள்முள்ளாக நிற்கும். கேபினெட்டுக்குள் போர்டைத் தாங்கும் டிரே முழுக்க இரும்புத் தகடு. இரண்டும் தொட்டால் ஷார்ட். தொடாமலிருக்க நடுவே சுமார் 6.35 மி.மீ., அதாவது கால் அங்குல இடைவெளி வேண்டும். கடையில் கிடைக்கும் ஸ்டாண்டாஃப் பெரும்பாலும் 6.5 மி.மீ. உயரம்.

ஸ்டாண்டாஃபே உலோகம்தானே, அது தொட்டால் ஷார்ட் ஆகாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. போர்டின் ஓட்டையைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். அது எர்த்தோடு, அதாவது கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் கறுப்பு ஒயரோடு சேர்ந்தது. அந்த வளையத்தை ஸ்டாண்டாஃப் தொடலாம், தொடுவதுதான் நல்லது. வளையத்துக்கு வெளியே எதைத் தொட்டாலும் வில்லங்கம். பழைய ஆட்கள் ஓட்டைக்கு மேலும் கீழும் சிவப்பு ஃபைபர் வாஷர் போட்டார்கள். இப்போதைய போர்டுகளுக்கு அது தேவையில்லை.

ஆகவே விதி இரண்டு. ஓட்டை இருக்கும் இடத்தில் கால் இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத இடத்தில் கால் இருக்கவே கூடாது. எல்லோரும் முதலாவதைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறார்கள். இரண்டாவதுதான் போர்டைக் கொல்லும். ஒரு கால் குறைந்தால் அந்த இடத்தில் போர்டு கொஞ்சம் தொய்யும், அவ்வளவுதான். ஒரு கால் கூடினால், ஆன் செய்த நொடியில் 12 வோல்ட் போக வேண்டிய தடம் எர்த்துக்குப் போய்விடலாம்.

ஓட்டைகளின் இடம் கம்பெனிக்கு ஒரு விதமாக மாறுவதில்லை. வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கோலத்துக்கு வைத்த புள்ளிகளிலேயே ஒரு மூலையை மட்டும் எடுத்துச் சின்னக் கோலம் போட்டுவிடலாம். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுதான் பெரிய கோலம்: 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம், ஒன்பது ஓட்டை. 1997இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, பெரும்பாலும் எட்டு ஓட்டை. 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170, நாலே ஓட்டை. அந்த நாலும் ஏடிஎக்ஸின் ஒன்பதுக்குள் அடக்கம்.

எந்த மூலையிலிருந்து அளப்பது? பின்பக்கம் யுஎஸ்பி, லேன் சொருகும் இடம் இருக்கிறதே, அதன் மேல் மூலைதான் எல்லா அளவுக்கும் பொது. நிமிர்ந்து நிற்கும் கேபினெட்டில் அங்கிருந்து கீழே வந்தால், மேல் வரிசைக்கும் நடு வரிசைக்கும் இடையே 157.48 மி.மீ. நடு வரிசையிலிருந்து ஏடிஎக்ஸின் கீழ் வரிசை 124.46 மி.மீ. குறுக்கே பார்த்தால், போர்டின் பின் விளிம்பிலிருந்து 10.16 மி.மீ. தள்ளி முதல் ஓட்டை, அதிலிருந்து 154.94இல் அடுத்தது, 227.33இல் கடைசி. மேல் வரிசையின் பின் ஓட்டை மட்டும் மற்றப் பின் ஓட்டைகளைவிட 22.86 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கும். அந்த இடத்தை யுஎஸ்பி, லேன் வாய்கள் பிடித்துக்கொண்டதால் இந்த ஏற்பாடு. அந்த ஒரு புள்ளி பிசகி நிற்கிறது என்று பதற வேண்டாம்.

மைக்ரோ ஏடிஎக்ஸின் கீழ் வரிசை மட்டும் தனி. அது நடு வரிசைக்கு 45.72 மி.மீ. கீழே இருக்கும். முக்கால்வாசிக் குழப்பத்துக்கு இந்த ஒரு வரிசையே காரணம். கேபினெட்டில் ஏற்கெனவே ஏடிஎக்ஸ் போர்டு இருந்தது, இப்போது மைக்ரோ போடுகிறீர்கள் என்றால், பழைய கீழ் வரிசைக் கால்கள் புதுப் போர்டுக்கு வெளியே நிற்கும், சேதம் எதுவும் இல்லை. புது வரிசைக்கு இரண்டு மூன்று கால் கூடுதலாக முறுக்கினால் முடிந்தது. மறுபுறம், மைக்ரோ இருந்த கேபினெட்டில் ஏடிஎக்ஸ் போர்டை இறக்கினால் நிலைமை வேறு. மைக்ரோவின் அந்தக் கீழ் வரிசைக் கால்கள் கழற்றாமல் இருந்தால், பெரிய போர்டின் மேல் விளிம்பிலிருந்து சுமார் 210 மி.மீ. தூரத்தில் சரியாக அடியில் போய் நிற்கும். அங்கே ஓட்டை இராது, கீழ்ப்பக்க ஸ்லாட்டுகளின் முள்கள்தான் இருக்கும். சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகும்போதுதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

புதுக் கேபினெட்டுகளில் ஓட்டைக்குப் பக்கத்தில் ஏ, எம், ஐ என்ற ஆங்கில எழுத்துகளைக் குத்தியிருப்பார்கள். ஏடிஎக்ஸ், மைக்ரோ, ஐடிஎக்ஸ் என்று அர்த்தம். பழையதில் அந்தச் சலுகை கிடையாது. அப்போது காகிதமே போதும்.

போர்டைவிடப் பெரிய தாள் ஒன்றை எடுங்கள். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் நன்றாக உழைக்கும். தாளை மேசையில் விரித்து, போர்டு வந்த நுரைத் தகட்டைத் தாளுக்கு அடியில் கொடுத்து, தாளின் மேல் போர்டை முகம் மேலே பார்க்க வையுங்கள். பென்சிலால் விளிம்பை வரைந்து, கூர்மையாகச் சீவிய பென்சிலை ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் நேராக இறக்கி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஓட்டையின் விட்டம் 3.96 மி.மீ., பென்சில் முனை தாராளமாக இறங்கும். யுஎஸ்பி இருக்கும் பக்கத்தில் ‘பின்’ என்றும், புராசசர் இருக்கும் பக்கத்தில் ‘மேல்’ என்றும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் தாள் திரும்பிப்போகும். பிறகு போர்டை எடுத்து அதன் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, தாளைக் கத்தரித்து டிரேயில் வையுங்கள். வட்டத்துக்குள் கால் வராத இடத்துக்குக் கால் வேண்டும். வட்டம் இல்லாத இடத்தில் தாளைத் தூக்கி நிறுத்தும் கால் எதுவோ, அதைக் கழற்ற வேண்டும். விலை உயர்ந்த போர்டை டிரேயின் மேல் பத்துத் தடவை இழுத்து இழுத்துப் பார்ப்பதைவிட இது மேல். அப்படி இழுக்கும்போதே கால் முனை உரசி முதுகில் ஒரு தடம் அறுந்துபோகலாம்.

கால் இறுகியிருந்தால் கையால் கழலாது. 5 அல்லது 5.5 மி.மீ. நட்டுத் திருகி போதும், இல்லாவிட்டால் நோஸ் பிளையர். பித்தளை மெதுவானது, அறுகோண முனை மழுங்காமல் பிடியுங்கள்.

இனி மரை. கால் வாங்கக் கடைக்குப் போய், ‘அண்ணாச்சி, ஸ்டாண்டாஃப் ஆறு எண்ணம் தாங்க’ என்றால், விவரம் தெரிந்த கடைக்காரர் ‘எந்த மரை தம்பி, பொடியா முரடா?’ என்று கேட்பார். கேட்கவில்லையென்றால் நீங்கள் சொல்லுங்கள். கேபினெட் உலகத்தில் இரண்டு மரை உண்டு. எம்3 என்பது 3 மி.மீ. தடிமன், ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் 0.5 மி.மீ. இது பொடி. ஆறு-முப்பத்திரண்டு என்பது சுமார் 3.5 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 0.79 மி.மீ. இது முரடு. எம்3 ஸ்குரூ முரட்டு மரைக்குள் லொடலொடவென்று இறங்கி, பிடிக்காமல் சுற்றும். முரட்டு ஸ்குரூவைப் பொடி மரையில் பலவந்தமாக ஏற்றினால் முதல் இரண்டு சுற்றிலேயே மரை போய்விடும். மரை கழன்றவனைக்கூடச் சமாளித்துவிடலாம், மரை போன பித்தளைக் காலை ஒன்றும் செய்ய முடியாது. கேபினெட்டில் இருக்கும் ஒரு காலையும் அதன் ஸ்குரூவையும் மாதிரிக்குக் கையோடு கொண்டுபோவது நல்லது. மேல் மரை ஒன்றும் கீழ் மரை ஒன்றுமாக இருக்கும் கால்களும் உண்டு, இரண்டு பக்கமும் பாருங்கள்.

எல்லாம் சரி, எண்ணிக்கையும் சரி, ஆனாலும் எல்லா ஓட்டையும் ஒரே பக்கமாக இரண்டு மி.மீ. விலகித் தெரிகிறது என்றால், அது ஓட்டைத் தகராறே அல்ல. யுஎஸ்பி, லேன் வாய்களைச் சுற்றிப் பின்பக்கம் உட்காரும் ஐஓ பிளேட்டின் வேலை. அந்தத் தகடு 158.75க்கு 44.45 மி.மீ. செவ்வக வாயில் பட்டென்று உட்கார வேண்டும், நாலு மூலையிலும் சத்தம் கேட்க வேண்டும். அதன் உள்பக்க நாக்குகள் ஸ்பிரிங் மாதிரி போர்டை முன்னே தள்ளும். ஒரு கையால் போர்டைப் பின்பக்கமாக அழுத்திப் பிடித்தபடி நடு ஓட்டை ஒன்றில் ஸ்குரூவைப் பாதி இறக்குங்கள். மற்றவை தானாக நேருக்கு வரும். நாக்கு ஏதாவது லேன் வாய்க்குள்ளோ யுஎஸ்பி வாய்க்குள்ளோ மடிந்து போயிருக்கிறதா என்று பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அதுவும் ஷார்ட்டுக்கு ஒரு வழி.

ஒரே ஒரு ஓட்டை மட்டும் அரை மி.மீ. விலகுகிறதா? மலிவுத் தகர கேபினெட்டில் சகஜம். 3.96 மி.மீ. ஓட்டையில் முரட்டு ஸ்குரூ போட்டால் மொத்தமே அரை மி.மீ. தளர்வுதான். எம்3 போட்டால் ஏறக்குறைய ஒரு மி.மீ. தளர்வு கிடைக்கும். அந்த ஒரு இடத்துக்கு மேல் பக்கம் எம்3 மரை உள்ள காலை வைத்தால் தீர்ந்தது. எல்லா ஸ்குரூவையும் முதலில் பாதி மட்டும் இறக்குங்கள், பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே முழுக்க இறுக்கினால் கடைசி ஓட்டை கட்டாயம் விலகும். ஸ்குரூ டிரைவரின் பிடியை மூன்று விரலால் பிடித்து, நின்ற இடத்தில் நிறுத்துங்கள். உள்ளங்கை பலம் வேண்டாம்.

உண்மையான பொருத்தமின்மை மூன்று விதத்தில் வரும்.

முதலாவது, குட்டைப் போர்டு. விலை குறைந்த மைக்ரோ போர்டுகள் 244 மி.மீ. அகலம் இருப்பதில்லை, 190, 215 என்று குறுகிவிடும். முன் வரிசை ஓட்டையே கிடையாது, மொத்தம் ஆறு ஓட்டைதான். குறுக்கே பார்த்தால், கடைசி ஓட்டை பின் விளிம்பிலிருந்து 165 மி.மீ. தூரத்தில் முடிகிறது. 215 மி.மீ. போர்டு என்றால் 50 மி.மீ. அந்தரத்தில் தொங்கும். ரேம் ஸ்லாட்டும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கரண்ட் வரும் 24 பின் கனெக்டரும் இருப்பது அந்த 50 மி.மீ.யில்தான். 24 பின்னை அமுக்கும்போது போர்டு வில்லாக வளையும், முதுகு தகரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். ஆகவே ரேமையும், முடிந்தால் 24 பின் கேபிளையும் போர்டை உள்ளே வைக்கும் முன்பே சொருகிவிடுங்கள். அந்தரமான விளிம்புக்கு அடியில் பிளாஸ்டிக் தாங்கல் கொடுக்கலாம். நைலான் ஸ்டாண்டாஃப் ஒன்றின் மேல் முனையை வெட்டிச் சமமாக்கி, அதே 6.5 மி.மீ. உயரத்துக்குத் தேய்த்து, அந்த விளிம்புக்கு நேர் அடியில் டிரேயில் ஓட்டை இருந்தால் அதில் முறுக்கிவிட்டால் போதும். பிளாஸ்டிக் என்பதால் முள்ளைத் தொட்டாலும் கவலையில்லை. தெர்மோகோல் துண்டு வேண்டாம், நம் ஊர் வெயிலில் பெட்டிக்குள் சூடு ஏறும் இடத்தில் அது நிலைக்காது.

இரண்டாவது, கழற்ற முடியாத மேடு. சில தகர கேபினெட்டில் தனிக் கால் வைக்காமல், டிரேயையே மேல்நோக்கிப் புடைக்க அடித்து அதிலேயே மரை போட்டிருப்பார்கள். ஓட்டையில்லாத இடத்தில் அப்படியொரு மேடு மாட்டினால் கழற்ற வழியில்லை. அதன் மேல் போர்டின் முதுகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முள் எதுவும் இல்லாத வழுவழுப்பான இடமென்றால், சூடு தாங்கும் மஞ்சள் நிறக் காப்டன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டலாம். சாதாரணக் கறுப்பு ஒயரிங் டேப் சித்திரை வெயிலுக்குப் பசை இளகி நகர்ந்துவிடும். முள் இருந்தால் டேப் உதவாது, முள் அதைக் குத்திக்கொண்டு இறங்கும். போர்டும் அந்த இடத்தில் மேலே எக்கி நிற்கும். மேட்டை அரத்தால் தேய்த்துத் தாழ்த்துவதுதான் வழி.

மூன்றாவது, ஆபீஸ்களிலிருந்து கழித்துப் போட்ட பிராண்டட் கேபினெட். இங்கேதான் புள்ளிகளே வேறு. சிலவற்றில் எஸ்எம்பிஎஸ் கனெக்டரும் முன்பக்க சுவிட்ச் ஒயரும் அவர்களுக்கே உரிய அளவில் இருக்கும், பின்பக்க ஐஓ வாய் டிரேயோடு சேர்த்தே வெட்டப்பட்டிருக்கும். 2004 வாக்கில் வந்த பிடிஎக்ஸ் அமைப்பில் போர்டு கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாறி உட்காரும். இந்த ரகங்களில் ஓட்டை போட்டுச் சமாளிப்பதைவிட வேறு கேபினெட் வாங்குவதே லாபம். மூன்று ஓட்டை துளைக்கும் செலவு ஒரு பக்கம், ஐஓ வாய் வெட்டும் செலவு இன்னொரு பக்கம், கடைசியில் கிராஃபிக்ஸ் கார்டின் தகடு பின் சந்தில் பொருந்தாமல் நிற்கும்.

சரி, கேபினெட் நல்லது, ஒன்றிரண்டு ஓட்டைதான் இல்லை, துளைத்தே ஆக வேண்டும் என்றால் துளையுங்கள். ஆனால் டிரேயில்தான், போர்டில் அல்ல. செருப்புக்கேற்பக் காலை வெட்டக்கூடாது. போர்டு வெறும் அட்டை அல்ல, உள்ளே நாலு, ஆறு அடுக்குச் செப்புத் தடங்கள் ஓடுகின்றன. ஓட்டையை ஒரு மி.மீ. அகலப்படுத்தினாலே எது அறுந்தது என்று வெளியே தெரியாது.

எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க், ஃபேன் அத்தனையையும் கழற்றிவிடுங்கள். இருக்கும் கால்களில் போர்டை உட்கார வைத்து, ஐஓ பிளேட்டையும் கிராஃபிக்ஸ் கார்டையும் மாட்டி, இரண்டும் நேராக இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். இடத்தைத் தீர்மானிப்பவை அந்த இரண்டும்தான். பிறகு இல்லாத ஓட்டை வழியே மார்க்கர் பேனாவால் டிரேயில் புள்ளி வைத்துப் போர்டை வெளியே எடுங்கள். புள்ளியில் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு, இல்லாவிட்டால் டிரில் பிட் வழுக்கி ஓடும். 3.2 மி.மீ. பிட்டால் துளையுங்கள். மரை வெட்டும் கருவியை விட்டுத் தகட்டிலேயே மரை போட ஆசைப்படாதீர்கள். தகட்டின் தடிமன் ஒரு மி.மீ.கூட இராது, எம்3க்கு இரண்டு மரைகூடப் பிடிக்காது. அதற்குப் பதிலாக, அடியில் மரைத்தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் எம்3 காலை மேலிருந்து இறக்கி, டிரேயின் பின்பக்கம் ஸ்பிரிங் வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். கையில் டிரில் இல்லையென்றால் பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் டிரேயைக் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும்.

துளையின் பிசிறைப் பெரிய பிட்டை வைத்துக் கையாலேயே திருப்பி நீக்குங்கள். இரும்புத் துகள்தான் அடுத்த எதிரி. துணியால் துடைத்து, காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி மூலைமூலையாக ஓட்டி எடுங்கள். ஒரு துகள் போதும், ரேம் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் வேலை முடிந்தது. எல்லாக் காலின் உயரமும் ஒன்றுதானா என்று ஸ்டீல் ஸ்கேலைப் படுக்க வைத்துப் பாருங்கள். ஒரு கால் குட்டையான கட்டிலில் படுக்கலாம், போர்டைப் படுக்க வைக்க முடியாது. இறுக்கும்போது வளைந்து, நாளாக ஆக ஈயப்பற்று விட்டுவிடும்.

கரண்ட் கொடுக்கும் முன் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் ஒயர் சொருகாத நிலையில், ஒரு முனை கேபினெட் தகட்டில், மறுமுனை போர்டின் 24 பின் சாக்கெட்டில். கறுப்பு ஒயர் வரும் பின்களில் பீப் அடிக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு ஒயர் வரும் பின்களில் அடிக்கக் கூடாது. ஒரு கணம் சத்தம் வந்து அடங்கினால் கெப்பாசிட்டர் நிரம்புகிறது என்று அர்த்தம், பயமில்லை. விடாமல் அடித்தால் ஆன் செய்யாதீர்கள், எங்கோ ஒரு கால் தப்பான இடத்தில் நிற்கலாம்.

ஏற்கெனவே ஆன் செய்து பார்த்து, எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஒரு சுண்டு சுண்டி நின்றுவிட்டதா? ஷார்ட்டைக் கண்டு எஸ்எம்பிஎஸ் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. பிளக்கை உருவிவிட்டு, போர்டைப் புராசசர், ரேமோடு வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பளபளக்கும் ஆன்டி ஸ்டாட்டிக் பையின் மேல் வைக்காதீர்கள், அதன் வெளிப்பக்கத்தில் மின்சாரம் கடக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் இணைத்து, பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்னை ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை என்றால் போர்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தை எடுத்துக் கால்களை மறுபடி எண்ணுங்கள். யுஎஸ்பி அடிக்கடி அறுந்து அறுந்து வருவது, கேபினெட்டைத் தட்டினால் ரீஸ்டார்ட் ஆவது, படுக்கப் போட்டால் ஓடி நிமிர்த்தினால் நிற்பது, இவையும் அதே குடும்பத்து வியாதிகள்.

உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றுக்குப் பித்தளைக் கால் தாக்குப்பிடிக்கும், அதில் இறங்கும் இரும்பு ஸ்குரூ துருவேறிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வருடம் கழித்துக் கழற்றும்போது ஸ்குரூ மட்டும் வராது, காலும் சேர்ந்து சுற்றும், போர்டை வெளியே எடுப்பது பெரும்பாடு. அப்படி ஆனால் டிரேயின் பின்பக்க மூடியைத் திறந்து, காலின் அடிமுனையை நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டு மேலே ஸ்குரூவைத் திருப்புங்கள். முதல் முறை மாட்டும்போதே நிக்கல் பூசிய ஸ்குரூ வாங்கிப் போட்டால் இந்த மல்லுக்கட்டு குறையும்.